ஈரச் சுவர்

“அடுப்படி எங்க ஊரு இல்லம்மா. அது அவங்க ஊரு.”

வடக்கூர் ஓவர்சியர் குடை நுனியால் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கோடு தையல் மெஷினுக்கு அடியில் புகுந்து, சமையலறை வாசலில் போய் நின்றது.

“அதெப்படி? முன்வாசல் உங்க பக்கம் இருக்கு. வாசல் எந்த ஊரோ வீடும் அந்த ஊருதான்” என்றார் தெற்கூர் ஓவர்சியர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடற்காற்றில் அது ஓயாமல் மங்கியது.

தையல்காரி இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்தபடி நின்றாள்.

அரித்துப்போன கரைக்கு இரண்டு ஊரும் சேர்ந்து மணல் கொட்டப்போகின்றன. அவரவர் எல்லைக்கு அவரவர் செலவு என்று பேச்சு. தையல்காரியின் வீடோ எல்லை மேலேயே உட்கார்ந்திருந்தது. வீடு மேட்டில்தான் இருந்தது. ஆனால் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மேட்டின் அடியைக் கடல் தின்றுகொண்டே வந்தது. மணல் விழுந்தால் வீடு நிற்கும். இல்லையென்றால் வருகிற மழைக்காலத்தைத் தாண்டாது.

“வீட்டுக்குப் பின்னாடி கடல் அரிச்ச அந்தப் பள்ளம் ஒண்ணே ஊருக்குக் கொட்டுற மணலை எல்லாம் முழுங்கிடும். எங்க தலைவர் ஒத்துக்க மாட்டார்” என்றார் குடைக்காரர்.

“எங்க தலைவர் மட்டும் மாலை போட்டுக் கூப்பிடுவாரா?” என்றார் கண்ணாடிக்காரர்.

பொத்தான் தைத்துக்கொண்டிருந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் செத்த பிறகும் அண்ணியை விட்டுப் போகாதவள். வாயும் அவளை விட்டுப் போகாது.

“வீட்டு வரி வாங்க ரெண்டு ஊரும் போட்டி போட்டுக்கிட்டு வந்தீங்களே சார், அப்ப அடுப்படி யாரு ஊருன்னு தெரிஞ்சுதா?”

“நீ சும்மா இரு” என்று தையல்காரி அதட்டினாள்.

“எதுக்கு அண்ணி சும்மா இருக்கணும்? ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளைங்க அடிச்சுக்கிட்டதைப் பாத்திருக்கேன். ‘நீ கட்டிக்கோ, நீ கட்டிக்கோ’ன்னு தள்ளிவிடுறதை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

குடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடி சுவரில் சாய்ந்தவர் துள்ளி விலகினார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

“என்னம்மா, சுவரெல்லாம் ஈரம்?”

தையல்காரி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கண்ணாலேயே ‘சொல்லு’ என்றாள்.

“கடல் சார். நேத்து உள்ளே ஏறிடுச்சு.”

“இங்க வரைக்குமா?” கண்ணாடிக்காரர் சுவரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “ஆமா, உப்பு!”

“மீனு நேரா சட்டியில வந்து விழாததுதான் பாக்கி” என்றாள் நாத்தனார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையிலிருந்து முதல் முறையாக இருவர் முகமும் இளகியது.

“அடிக்கடி வருமாம்மா?” குடைக்காரரின் குரலில் திடீரென்று அத்தனை பரிவு.

“அமாவாசை, பௌர்ணமின்னா வந்துடும் சார்.”

“முன்வாசல் வரைக்கும் வருமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

கேட்கக் கேட்கத் தையல்காரிக்குத் தைரியம் வந்தது. “வாசலைத் தாண்டியே போகும் சார். மெஷினைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுட்டு, நாங்க ரெண்டு பேரும் முட்டித் தண்ணியில நிப்போம்.”

“அடப்பாவமே” என்று உச்சுக்கொட்டினார் கண்ணாடிக்காரர். “கவலைப்படாதீங்க. இப்பவே ஒரு முடிவு பண்ணிடுறோம்.”

அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டு இருவரும் வாசலுக்குப் போனார்கள்.

தையல்காரி டீக்கு அடுப்பு மூட்டினாள். சர்க்கரையைத் தாராளமாகவே போட்டாள்.

“அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொன்னேனா இல்லையா?” நாத்தனார் அவள் காதில் கிசுகிசுத்தாள். “அங்க பாரு, முறைச்சுக்கிட்டு வந்ததுங்க மாமன் மச்சான் மாதிரி தோள் மேல கை போட்டுக்கிட்டு நிக்குதுங்க.”

“மெதுவாப் பேசுடி.” ஆனால் தையல்காரிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. மணல் வந்ததும் பின்கதவைத் திறக்கலாம். அதைத் திறந்து எத்தனை நாளாயிற்று. மணலில் கொம்பு நட்டுத் துணி காயப்போடக் கொடி கட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இருவரும் உள்ளே வந்து டீயை வாங்கிக்கொண்டார்கள்.

“சண்டை தீந்துச்சும்மா. ரெண்டு ஊருக்கும் வருத்தமில்ல” என்றார் குடைக்காரர்.

“ரொம்ப நன்றி சார். நம்ம வீட்டுப் பின்னாடி எந்த ஊரு மணல் கொட்டும்?”

“ரெண்டு ஊரும் இல்லம்மா.” டீயை ஊதிக் குடித்தார். “கடல் தண்ணி ஏறி எறங்குற எடம் வரைக்கும் கடல்தான். கடல் எந்த ஊரு எல்லையிலயும் வராது. வாசலைத் தாண்டிப் போகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இப்ப நாம நிக்கிறதே கடல்லதாம்மா.”

“சாமான் செட்டை எல்லாம் சீக்கிரம் ஏறக்கட்டிடுங்க” என்றார் கண்ணாடிக்காரர். “கடலுக்குள்ள யாரையும் குடியிருக்க விட மாட்டாங்க.”

நாத்தனார் அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“சார், அது வந்து… தண்ணி…” என்று தொடங்கினாள் தையல்காரி.

“நீங்க பொய்யா சொல்லப்போறீங்க? உப்பை நானே நாக்குல வெச்சுப் பாத்தேனே” என்று சொல்லிக் காலி டம்ளரை அவள் கையில் கொடுத்தார் கண்ணாடிக்காரர்.

டம்ளரை வாங்கியவளின் பார்வை, அடுப்படி மூலையில் கவிழ்த்துவைத்திருந்த இரண்டு வாளிகளின் மேல் போய் விழுந்தது. அந்த வீட்டுப் படியைக் கடல் ஒருநாளும் தொட்டதில்லை. விடியுமுன்னே போய் அதை மொண்டுவந்து சுவரெல்லாம் வீசியடித்தது அவர்கள் இருவரும்தான்.