நிற்பவர் கண்ணுக்கு

கை தவறி விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தபோது, பச்சை வேலிக்கு நடுவே ஆய்வாளரின் கண்ணில் சிவப்பு பட்டது.

பட்டிருக்கக் கூடாது.

வேலிக்கு அந்தப் பக்கம், சிவப்புச் சட்டை போட்ட காவலாளி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நடைபாதையில் இருந்து பார்க்கும் ஆய்வாளருக்கு அந்தச் சிவப்பு தெரியாவிட்டால் வேலி தேறியது. தெரிந்தால் தேறவில்லை. சோதனை அவ்வளவுதான்.

அறுபது மீட்டர் நீளத்தையும் நின்று பார்த்தாயிற்று. அதுவரை ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

தொழில் வளாகங்களுக்கான விதிப்புத்தகத்தில் ஒரு விசித்திரமான ஆசை உண்டு. வேலை நடக்க வேண்டும், நடப்பது தெரியக் கூடாது. கட்டடங்கள் சாலையைவிட்டுத் தள்ளி, மரங்களுக்குப் பின்னால், ஏதோ கல்லூரி போல நிற்க வேண்டும். பெயர்ப்பலகை ஆள் உயரத்தைத் தாண்டக் கூடாது. லாரி பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். எதிரே வீடுகள் இருந்தால், சரக்கு ஏற்றும் முற்றத்தைச் செடிவேலி மறைக்க வேண்டும். செடி வளர மூன்று வருடம் அவகாசம். அதற்குள் மறைக்காவிட்டால் வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் எழுப்ப வேண்டும்.

இன்று மூன்றாம் வருடத்தின் கடைசி நாள்.

சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். காலையிலிருந்து அவர் ஆய்வாளரைவிட்டு இரண்டடி நகரவில்லை.

எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாரும் நகரவில்லை. பணி ஓய்வு பெற்றவர். இந்த வேலியை இங்கே வரவழைத்ததே மூன்று வருடத்துக்கு முன் அவர் கொடுத்த மனுதான். ‘என் வாசலில் உட்கார்ந்தால் அந்த முற்றம் கண்ணில் படுகிறது. படக் கூடாது.’ லாரிச் சத்தம், புகை, தூசி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆய்வாளருக்கு அப்போதே அது வேடிக்கையாக இருந்தது.

இப்போது வாத்தியார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார்.

ஆய்வாளர் முட்டி போட்டுப் பார்த்தார். இடுப்பு உயரத்தில் ஓர் ஓட்டை. தேங்காய் அளவு. குழாய் போல உருண்டையாக, நாலடி கனமுள்ள வேலியைத் துளைத்துக்கொண்டு போனது.

பூனை வேலையாக இருக்கும் என்றார் தோட்டக்காரர். பூனை இவ்வளவு வட்டமாக வெட்டுமா என்றார் ஆய்வாளர்.

தோட்டக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு குச்சியை இழுத்து நுனியைக் காட்டினார்.

“என் மெஷின் வெட்டினா நுனி பிஞ்சிருக்கும் மேடம். இது கத்தரி. வெட்டின ஆளு எந்தப் பக்கம் நின்னாரோ, வெட்டுவாய் அந்தப் பக்கம் பாத்திருக்கும். பாருங்க, தெருவைப் பாக்குது.”

ஆய்வாளர் பார்த்தார். சாய்வான, சுத்தமான வெட்டு. மாம்பிஞ்சைக் கீறியது போல இருந்தது. தெருவைத்தான் பார்த்தது.

ஓட்டை என்றால் அது ஒரு கோடு. கோட்டுக்கு இரண்டு முனை இருக்க வேண்டுமே.

பையிலிருந்து அளவு நூலை எடுத்து ஓட்டைக்குள் நீட்டினார்; காவலாளி அந்தப் பக்கத்திலிருந்து கையை விட்டு வாங்கிக்கொண்டார். பிடித்துக்கொண்டு நேராக நடக்கச் சொன்னார். இந்த முனையைத் தானே இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். நூல் விறைத்தது.

அந்த முனை, முற்றத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த மரப்பலகைகளின் மேல் போய் நின்றது. உட்கார வசதியாக ஒரு சாக்கு நாலாக மடித்துப் போட்டிருப்பதாகக் காவலாளி அங்கிருந்து குரல் கொடுத்தார்.

இந்த முனை, வாத்தியார் வாசலில் கிடந்த பிரம்பு நாற்காலியில் முடிந்தது.

வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

தோட்டக்காரர் ஆய்வாளரின் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினார். அந்தச் சாக்கு, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பெண்ணுடையது. தேநீர் வேளையில் அங்கேதான் உட்காருவாள். வாத்தியாரின் ஒரே மகள். படிப்பைப் பாதியில் விட்டு இந்த வேலையில் சேர்ந்த அன்று வீட்டைவிட்டுப் போனவள். மூன்று வருடமாகிறது. அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு பேச்சு இல்லை.

ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ‘நிற்பவர் கண்ணுக்கு’ என்றுதான் அச்சிட்டிருந்தது. பக்கத்தில் ஒன்றரை மீட்டர் என்று அளவும் கொடுத்திருந்தது. குனிபவரைப் பற்றியோ உட்காருபவரைப் பற்றியோ எங்கும் ஒரு வரி இல்லை. இரண்டு தடவை தேடினார்.

மனுதாரருக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டாக வேண்டும். கேட்டார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“எழுந்து நின்னு பாத்துட்டேன்மா. ஒண்ணும் தெரியலை.”

வேலி தேறியது என்று எழுதி நீட்டினார் ஆய்வாளர். வாத்தியார் ஓர் எழுத்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தோட்டக்காரர் மூன்று வருடமாக அடக்கிவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

நூலைச் சுற்றிக்கொண்டு வந்த ஆய்வாளர் வேலியருகே நின்றார். மனம் கேட்கவில்லை. மறுபடி முட்டி போட்டு, பென்சிலோடு கையை ஓட்டைக்குள் விட்டார்.

தோள்வரை விட்டும் இரண்டடிக்கு மேல் எட்டவில்லை. வாத்தியாருக்கும் அதே அளவு கைதான்.

வேலியின் கனம் நாலடி.

கையை எடுத்துவிட்டுக் கண்ணை வைத்தார்.

பாதி தூரம்வரை வெட்டுவாய்கள் தெருவைப் பார்த்திருந்தன. அதற்கு அப்புறம் இருந்தவையும் கத்தரி வெட்டுகள்தான். அவை முற்றத்தைப் பார்த்திருந்தன.