லிஃப்டில் ஒரு ஹோமகுண்டம்

பொம்மனஹள்ளியில் வாங்கிய பீங்கான் கிரில்லைக் கம்பளியால் போர்த்தி, அபார்ட்மென்ட் லிஃப்டுக்குள் தள்ளுவதற்குள் தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது.

“சுத்த சைவ அபார்ட்மென்ட்ல, கரி போட்டுச் சிக்கன் சுடுற அடுப்பு! யாராவது பாத்தா மானமே போயிடுங்க,” என்றாள் மனைவி மரகதம்.

“சும்மா இருடி. கேட்டா ஹோமகுண்டம்னு சொல்லு.”

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. மேல் வீட்டு சுனிதா ஏறினாள். அந்த நேரம் பார்த்துக் கம்பளி நழுவியது.

“ஹோ... ஹோமகுண்டம்மா!” என்றார் தணிகாசலம்.

சுனிதா சிரித்துவிட்டாள்.

“எங்க பால்கனியிலயும் இதே ஹோமகுண்டம்தான் சார். போன ஞாயித்துக்கிழமை லெக் பீஸ் ஹோமம். வாசனை வெளிய போகாம இருக்க வீடு பூரா சாம்பிராணி போட்டோம். மோப்பம் பிடிச்சு வந்து ஃபைன் போடுவீங்களேன்னு உங்களுக்குத்தானே பயந்தோம், பிரசிடென்ட் சார்!”