கையைக் காட்டு

"திருட்டுப் பந்து, அம்பயர்! இந்தப் பய ஏதோ பிசினைத் தடவிக்கிட்டுப் போடுறான்!" எதிரணிக் கோச் ஹேங்க் மைதானத்துக்குள்ளேயே வந்து கத்தினார்.

கோல்பி வலது கையை இடது கை கிளவுஸுக்குள் இன்னும் ஆழமாக நுழைத்துக்கொண்டான். நெப்ராஸ்காவின் இந்தச் சின்ன ஊருக்காக அவன் பந்து வீசும் முதல் பேஸ்பால் ஆட்டம். இதுவரை ஒருவராலும் அவன் பந்தை அடிக்க முடியவில்லை.

"சந்தேகம்தானே? பார்த்துட்டாப் போச்சு" என்று வந்தார் அம்பயர் லாயிட். "தம்பி, கையைக் காட்டு."

"கையில ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம் ஏன்டா பந்து போட்டதுமே கையை கிளவுஸுக்குள்ள ஒளிச்சுக்கிறே?" என்றார் ஹேங்க்.

"காட்டலைன்னா வெளியே போகணும் தம்பி. சட்டம் அது."

கோல்பி கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டினான்.

பிசின் இல்லை. ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும்கூட இல்லை.

"சின்ன வயசுல சோளம் அறுக்குற மெஷின்ல போயிடுச்சு சார்."

இந்தக் கையோடு ஆட வந்ததே தப்பு, இப்போது சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தான். யாரும் சிரிக்கவில்லை. ஹேங்க் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் போய், முகத்தில் ஆசை வந்திருந்தது.

"அடப்பாவி, இந்தப் பிடியாலதான் பந்து கடைசியில அப்படிக் கீழே முங்குதா! எம் பசங்களுக்கு இதைக் கத்துக்குடுக்கத் தலைகீழா நின்னு பார்த்துட்டேன். கொஞ்சம் சொல்லிக் குடேன்டா!"

கோல்பிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மைதானம் முழுக்கத் தெரியும்படி கையைத் தூக்கினான்.

"கஷ்டம் சார். உங்க பசங்களுக்கு ரெண்டு விரல் கூடுதலா இருக்கே!"