முதுகில் நாலு விரல் கறுப்பு

வந்தவர் உட்காரவில்லை. கையிலிருந்த புகைப்படத்தையும் ஜன்னலோரம் படுத்திருந்த பூனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

படத்தில் இருந்ததும் அதே பால் நிற உடம்பு, அதே நீலக் கண், கரிச்சட்டிக்குள் தலையை விட்டு எடுத்தது போன்ற அதே முகம். போன வருடம் வீடு மாற்றிய அன்று, சாமான் ஏற்றிய வண்டியிலிருந்து குதித்து ஓடிவிட்டதாம். வழிதவறிய பூனை ஒன்று தன்னிடம் இருப்பதாகக் கால்நடை மருத்துவமனைச் சுவரில் அவள் ஒட்டிய அறிவிப்பை நேற்றுதான் பார்த்தாராம்.

அவள் சலவைக் கடையில் துணி தேய்க்கிறவள். மாலையில் பிராணிப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறாள். அந்த அறிவிப்பை ஒட்டி எட்டு மாதமாகிறது. முதல் மாதம், யாராவது வருவார்களா என்று காத்திருந்தாள். அதன்பின், யாரும் வந்துவிடக் கூடாதே என்று.

கிழித்துவிட நினைத்து இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் கிழிக்காமல் திரும்பினாள்.

பூனை எழுந்து சோம்பல் முறித்தது. அப்போதுதான் அவர் அதைக் கவனித்தார்.

முதுகின் நடுவே, நாலு விரல் அகலத்துக்கு, கரும்பழுப்பாக ஒரு சதுரம்.

“எங்க பூனைக்கு இங்க எதுவும் கிடையாதே,” என்றார்.



பூனை அவளிடம் வந்தபோது அந்த இடத்தில் சீழ் பிடித்த புண் இருந்தது. மருத்துவர் முடியை மழித்துத் தையல் போட்டார். அப்போது நல்ல குளிர்காலம். புது முடி கறுப்பாக முளைத்ததும், மருந்தைத் தப்பாகத் தடவிவிட்டோமோ என்று மூன்று நாள் அவளுக்குத் தூக்கமில்லை. கடைசியில் வகுப்பில் எழுந்து கேட்டேவிட்டாள்.

இந்த இனத்துக்குப் பிறப்பிலேயே வாய்த்த குணம் அது என்றார் ஆசிரியை. முடிக்குக் கறுப்பேற்றும் வேலை உடம்புச் சூட்டில் நடக்காது. குளிர்ந்த இடத்தில்தான் நடக்கும். அதனால்தான் காது, மூக்கு, பாதம், வால் எல்லாம் கறுப்பு. மழித்த முதுகும் குளிர்ந்துபோகும். அங்கே முளைப்பதும் கறுப்பாகவே முளைக்கும்.

இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் பூனை அவரோடு போய்விடும்.

அவள் சொல்லவில்லை.

பூனை அவர் கால்சட்டை விளிம்பை மோந்தது. வெகுநேரம் மோந்தது. அவர் குனிந்து தாடைக்கடியில் சொறிந்துவிட்டார். அது கண்ணை மூடிக்கொண்டது.

பிறகு அது திரும்பி வந்து, தன் முழுப் பாரத்தையும் அவள் பாதத்தின் மேல் போட்டு உட்கார்ந்தது.

அவர் நிமிர்ந்தார். அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. வாராவாரம் எடுத்த பூனையின் எடை. ஓரிடத்தில், ‘நூறு கிராம் குறைவு. நேற்று அதட்டியதாலா?’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘இல்லை, தராசு கோணல்.’ அதற்கும் கீழே, ‘ஆனாலும் அதட்டியிருக்க வேண்டாம்.’

தாளைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். புகைப்படத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தங்கள் பூனை இது இல்லை என்றார். வீண் தொந்தரவு கொடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். பரவாயில்லை சார் என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை.

வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அடுத்த குளிருக்கு முதுகுல ஏதாவது துணியைக் கட்டி விடுங்கம்மா. கதகதப்பா இருந்தா புது முடி வெள்ளையா வந்துடும். இதோட அம்மாவுக்கு அப்படித்தான் வந்துச்சு.”

படியிறங்கும் சத்தம் பாதியில் ஒரு முறை நின்றது.

அவள் கூப்பிடவில்லை. சத்தம் மறுபடி இறங்கிப் போனது.