கூட இருப்பவர்

அண்ணன் விட்ட அறை கோர்ட் வராந்தாவின் கடைசிவரை கேட்டது. மெக்கானிக் கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளவில்லை.

"கேன்சர்னு தெரிஞ்சதும் என் தங்கச்சியைக் கைகழுவிட்டான், பாத்துக்குங்க! இவனெல்லாம் மனுசனா?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டார் அண்ணன். லாரி ஓட்டுகிறவர். ஹாரன் தேவைப்படாத குரல்.

"என்னால முடியலை மச்சான். பாத்த வரைக்கும் போதும்" என்றான் மெக்கானிக், தரையைப் பார்த்து.

"மச்சானா? இன்னொரு தரம் அந்த வார்த்தை வந்துது, வாயில பல்லு இருக்காது!"

அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டிய தலையை முக்காட்டுக்குள் ஒளித்திருந்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் பந்தல் போட்டார்கள். அந்தக் கல்யாணத்தை முறித்துப்போட, மாசக்கணக்கில் இழுத்த வழக்கின் கடைசியில், நீதிபதிக்கு ஒரு தும்மல் போடும் நேரம்கூட ஆகவில்லை.

அவளுடைய வக்கீல் அம்மாவுக்கு வயிறு எரிந்தது. "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைம்மா. ஜீவனாம்சம் கேட்டு ஒரு மனு போடுவோம். மாசாமாசம் சம்பளம் வாங்கற ஆளு, சும்மா விடறதா?"

"வேண்டாங்க மேடம். அவர்கிட்டேருந்து ஒரு சல்லிக்காசு வேண்டாம்."

"ரோஷம் சோறு போடுமாம்மா?"

"போடாதுங்க. ஆனா நான் எதுவும் வாங்கலைங்கறது தீர்ப்புல தெளிவா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

வக்கீல் அம்மா தலையில் அடித்துக்கொண்டு பார்த்துச் சொன்னார். இருந்தது. மெக்கானிக் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் படியிறங்கிப் போனான். அவன் முதுகுக்குப் பின்னால் அண்ணன் காறித் துப்பினார்.

மறுவாரம் அவள் ஆஸ்பத்திரியின் உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கு வழியில்லாதவர்களுக்காக அறக்கட்டளைகளின் கதவைத் தட்டுவதுதான் அங்கிருந்த அதிகாரி அம்மாவின் வேலை. தட்டித் தட்டி அவருக்குக் கை மரத்துவிட்டது. திறந்த கதவுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தீர்ப்பை வாசித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன தடவை அறக்கட்டளைலேருந்து உன் மனு திரும்பி வந்தப்ப இங்கதானே நின்னு அழுதான், படுபாவி. அவன் சம்பளத்தைக் காட்டித்தான் உன்னைத் தள்ளினாங்க. அந்தச் சம்பளத்துல ரெண்டு ஊசிகூட வாங்க முடியாதுன்னு தொண்டை கிழியச் சொன்னேன். சம்பாதிக்கற புருஷன் இருந்தா கிடையாதுன்னுட்டாங்க. சரி போ, ஓடிப்போனதுல உனக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கான்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நிஜமாவே விட்டுட்டுப் போயிட்டானான்னு சொந்தக்காரங்க யார்கிட்டயாவது விசாரிச்சுச் சொல்லணும். அதுவும் அவங்க சட்டம்" என்று அண்ணனுக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் அண்ணன் ஆரம்பித்த வசவில், அதிகாரி அம்மா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. மெக்கானிக்கின் ஏழு தலைமுறையும் அந்த அறைக்குள் வந்து நின்று ஏச்சு வாங்கிப் போனது. அவள் புடவைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"இதுக்கு மேல என்ன விசாரணை வேணும்?" என்று அடுத்து அறக்கட்டளைக்குப் பேசினார். கொஞ்ச நேரம் "ஆமா சார், ஆமா சார்" என்றார். பிறகு போனை மெதுவாக வைத்தார்.

"குடுத்துட்டாங்கம்மா."

சொன்னவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. எதிரே டாக்டர் அனுப்பிய புது ரிப்போர்ட் விரிந்து கிடந்தது. வழக்கு இழுத்துக்கொண்டிருந்த மாதங்களில் கட்டி சும்மா இருக்கவில்லை. ஈரலுக்கும் எலும்புக்கும் போய்விட்டிருந்தது.

"இந்த மருந்து போட்டா குணமாயிடுமா மேடம்?"

அதிகாரி அம்மா பொய் சொல்லிப் பழகியவர்தான். அன்றைக்குப் பொய் வரவில்லை. "வலி குறையும்மா. ராத்திரி தூங்கலாம்."

"எத்தனை நாளைக்கு?"

"அது… அவங்கவங்க உடம்பைப் பொறுத்தது."

அவள் தலையசைத்தாள். வெகுநேரம் அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடு. வார்டுல கூடவே ஒரு ஆள் இருக்கணும். தூக்கி உக்கார வைக்க, வாந்தி எடுத்தா துடைக்க. அண்ணன் இருப்பாரா?"

"அவரு லாரியோட போயிடுவாருங்க. வேற ஒருத்தர் இருக்கார்."

"யாரு?"

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், கூட்டத்துக்கு நடுவே, அவளுடைய துணிப்பையைக் கையில் பிடித்தபடி மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான்.

அதிகாரி அம்மா அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அறக்கட்டளைக்குச் சொல்லப் போன் பக்கம் போன கை பாதியில் நின்றது. தீர்ப்பை மடித்து ஃபைலுக்குள் வைத்தார், பேனாவை எடுத்தார்.

"நோயாளிக்கு இவர் என்ன உறவுன்னு வார்டுல கேப்பாங்கம்மா" என்றார் நிமிராமலே. "என்னன்னு போடட்டும்?"

"தெரிஞ்சவருன்னு போட்டுக்குங்க மேடம்."