ஞாயிற்றுக்கிழமை பேக்கப்

"இன்னும் நீங்களேதான் உட்கார்ந்து பேக்கப் எடுக்கறீங்களாம்மா?"

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரருக்குத் தெருவில் முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர். பழைய வைரஸ் தடுப்பு சாஃப்ட்வேருக்குக் கெடு முடிந்துவிட்டது, புதிதாக ஒன்று பார்த்துப் போட வேண்டும், பையன் சொன்னான் என்றுதான் அந்த வீட்டு அம்மா கூப்பிட்டிருந்தார். கம்ப்யூட்டரை மந்தமாக்காத ஒன்றாகப் பார்த்துப் போட்டார். போட்டவர் அத்தோடு கிளம்பியிருக்கலாம்; கிளம்பாமல் கேட்ட கேள்விதான் அது.

"ஆமாப்பா. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் பையன் வெளியூர்லேர்ந்து போன் பண்ணுவான். இதை அழுத்து, அதை அழுத்துன்னு அவன் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வைப்பேன். ஒரு மணி நேரம் ஆயிடும்."

"ஒரு மணி நேரமா! நீங்க தொடவே வேண்டாம், தானா எடுக்கற சாஃப்ட்வேர் இருக்கேம்மா. பெத்த தாய்க்கு அதைப் போட்டுக் கொடுக்க மனசு வரலையா அவருக்கு?"

"இரு, டீ போட்டுட்டு வரேன்" என்று அம்மா எழுந்து போனார்.

ரிப்பேர்காரருக்கு மனசு ஆறவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பையனின் நம்பருக்கு போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தார்.

மறுமுனையில் பையன் சிரித்தான். "அண்ணே, மெதுவா! அம்மா காதுல விழுந்துடப் போகுது. அந்த சாஃப்ட்வேரை ரெண்டு வருஷம் முன்னாடியே போட்டுட்டேன். தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தானா ஓடுது."

"அப்புறம் எதுக்கு ஞாயித்துக்கிழமை கூத்து?"

"சும்மா போன் பண்ணினா, 'நல்லா இருக்கேன், நீ போய் வேலையைப் பாரு'ன்னு ரெண்டே நிமிஷத்துல வச்சிடறாங்க. பேக்கப்னு சொன்னா ஒரு மணி நேரம் பேசறாங்க. முழங்கால் வலிகூட அப்பத்தான் வெளியே வருது. தயவுசெஞ்சு காட்டிக் கொடுத்துடாதீங்க."

ரிப்பேர்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் மண்ணை அள்ளிப் போட்டிருப்போமே!

டீயோடு வந்த அம்மாவிடம், "யோசிச்சுப் பார்த்தேம்மா. தானா எடுக்கறதெல்லாம் இந்தக் கம்ப்யூட்டருக்குச் சரிப்படாது. பையன் சொல்றபடி நீங்களே எடுங்க" என்று கூசாமல் புளுகினார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது தினமும் ரெண்டு மணிக்கு ஓடறது எனக்குத் தெரியும்ப்பா. போன மாசம் நின்னு போச்சு, நான்தான் சரி பண்ணி ஓட விட்டேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே!"