பதினைந்து உறைகள்

முதல் வருடம், பெண்களுக்கு சைக்கிள் பந்தயமே கிடையாது என்றார்கள். இரண்டாம் வருடம் உண்டு என்றார்கள். ஆண்கள் பந்தயம் முடிந்து, எல்லைக்கோட்டுத் துணியை அவிழ்த்து மடித்து வைத்த பிறகு ஓட்டச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் தூரத்தைப் பாதியாக வெட்டினார்கள். நான்காம் வருடம், ஜெயித்த ஆணுக்குக் கோப்பை, ஜெயித்த பெண்ணுக்கு சோப்பு டப்பா. ஐந்தாம் வருடம், பத்துப் பேருக்குக் குறைந்தால் பெண்கள் பந்தயம் அடியோடு ரத்து என்று விதி போட்டார்கள்.

இந்த ஐந்தையும் வரிசை தப்பாமல், தேதியோடு ஒப்பிப்பாள் விசிலக்கா.

அச்சகத்தில் பைண்டிங் வேலை அவளுக்கு. மிஞ்சிய தாளில் துண்டறிக்கை அடித்து, ஆலை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் கால் கடுக்க நின்று கொடுத்து, இருபத்தொரு பெண்களை சைக்கிளில் ஏற்றியவள் அவள். நர்ஸ், தையல்காரி, ரொட்டிக் கடைக்காரி, கடைசியில் சொந்த நாத்தனார் வரைக்கும்.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பயிற்சியில் யாராவது ஒரு சுற்று பின்தங்கினால் ஊதுவாள். ஊதினால் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஆண்கள் பந்தயத்திலும் இதேதான் விதி. பாவம், பொம்பளைங்கதானே என்று ஒருத்தனும் இளித்துவிடக் கூடாது என்பதில் அவள் கறார்.

ரொட்டிக் கடைக்காரி ஒருநாள் இறங்கி நின்று கண்ணைத் துடைத்தாள். "அழறதுன்னா வீட்டுல போய் அழு. இங்க மிதிக்கிறதுதான் வேலை" என்றாள் அக்கா.

அடுத்த வாரம், பந்தயம் நடத்தும் சைக்கிள் சங்கத்தின் செயலாளர் அந்த ரொட்டிக் கடையில் நின்று அவளிடம் வெகுநேரம் குசுகுசுத்ததை அக்கா கண்ணாலேயே பார்த்தாள். அதன்பிறகு ரொட்டிக் கடைக்காரி பயிற்சிப் பக்கமே வரவில்லை. பிறகு நர்ஸ் நின்றாள். நாத்தனாரும் நின்றாள், கேட்டால் முழங்கால் வலி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாம் வருடம், இருபத்தொரு பேர் ஆறு பேரானார்கள்.

யார் வேலை என்று அக்காவுக்குத் தெரியும். நிரூபிப்பதுதான் பாக்கி. அதற்குத்தான் போன கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். விலகிய பதினைந்து பேருக்கும் கடிதம் போக வேண்டும். ஒரே கேள்வி: உங்களை நிற்க வைத்தவர் யார்? பெயரை மட்டும் எழுதவும். ஒட்டிய உறையைப் பொதுச் சபையில் பிரித்து, இரண்டு சாட்சிகள் முன்னால் உரக்கப் படிக்க வேண்டும். அதிகம் பேர் எழுதிய ஆள் இனி பந்தயத் திடலில் கால் வைக்கக் கூடாது. பத்துப் பேர் விதியும் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்படும். பெயர் எதுவும் தேறாவிட்டால், பெண்கள் பந்தயத்துக்கு முழுக்கு.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

அதன்பிறகு செயலாளர் இரண்டு தடவை அவள் வீட்டுப் படி ஏறினார். உறைகளைக் கமிட்டி அறையிலேயே பிரித்துப் பார்த்துவிடலாமே, சபை வேண்டாமே என்று இழுத்தார்.

"ஏன் தம்பி, உதறலா?" என்றாள் அக்கா. "யார் பேரா இருந்தாலும் சபையிலதான் படிப்பேன்."

இன்று சைக்கிள் கடை மாடியில், சங்க அறை பெஞ்சுகள் நிறைந்திருந்தன. மிச்சமிருந்த ஆறு பெண்களும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கும் கணக்கு வாத்தியாரும் சாட்சிகள்.

உறைக் கட்டை செயலாளர் அவள் பக்கம் தள்ளினார். தன்னால் படிக்க முடியாது, அக்காவே படிக்கட்டும் என்றார்.

"இப்பவே நாக்கு ஒட்டிக்கிச்சு பாருங்க" என்றாள் அக்கா. சபை சிரித்தது.

முதல் உறையைக் கிழித்தாள். பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். படிக்கவில்லை. இரண்டாவதைக் கிழித்தாள். மூன்றாவதில் நாத்தனாரின் கோணல் எழுத்து. அதை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மளமளவென்று மீதி அத்தனையும் பிரித்தாள்.

"என்னக்கா, சஸ்பென்ஸா?" என்றது ஒரு குரல். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

செயலாளர் காகிதம் பொறுக்குகிற சாக்கில் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ரொட்டிக் கடையில ஆரம்பிச்சு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கெஞ்சிப் பாத்தேன்கா, திரும்பி வாங்கன்னு. அப்பவே எனக்குத் தெரியும். எழுத்து புரியலைன்னு சொல்லிடுங்க. நான் கிழிச்சுப் போட்டுடறேன்."

"அப்ப பந்தயம்?"



அக்கா பின்வரிசையைப் பார்த்தாள். ஆறு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த தையல்காரி, யாரும் ஊதாமலேயே எழுந்து நின்றிருந்தாள்.

பைண்டிங் பழக்கம், பதினைந்து தாள்களையும் மேஜையில் தட்டி ஓரம் சேர்த்தாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவற்றின்மேல் வைத்தாள்.

"சாட்சிங்க எழுதிக்குங்க. பதினஞ்சு கவர். பதினஞ்சுலயும் ஒரே பேருதான்."

பிறகு, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்திப் படித்தாள்:

"விசிலக்கா."